பதினான்கு அங்குலம்

அந்த விரிசலை வெர்னீஸ் முதலில் விரலால்தான் கண்டுபிடித்தாள். பாலத்தின் மேல் நிறுத்திய லாரியின் வளைந்த கை அவளைக் கூண்டோடு பாலத்துக்கு அடியில் இறக்கியிருந்தது. கீழே எண்பதடியில் ஆறு. கையுறையைக் கழற்றி, இரும்பு உத்தரத்தின் அடித்தகட்டைத் தடவிக்கொண்டே வந்தபோது நகம் ஓரிடத்தில் மாட்டியது. துருவைச் சுரண்டி விளக்கை அடித்தாள். மயிரிழை போல் ஒரு கோடு, பற்றவைத்த இடத்தைத் தாண்டி நிமிர்ந்த தகட்டில் ஏறியிருந்தது. அளந்தாள். பதினான்கு அங்குலம். போன வருட அறிக்கையில் இதே இடத்துக்கு நேராக 'பெயிண்ட் வெடிப்பு' என்று எழுதியிருந்தான் சக ஆய்வாளன் பிரெண்டன்.

போன வருடம் அவளைப் பாலங்களுக்கு அனுப்பவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கிளீவ்லண்ட் நகரின் பாலங்களைத் தட்டிப் பார்த்து ஆய்வு செய்தவளுக்கு, ஒரு கூட்டத்தில் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. முதல் இரண்டு முறையும் பேச்சை வெட்டினார்கள். மூன்றாவது முறை குரல் சற்று உயர்ந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் ஒரே கறுப்பினப் பெண் அவள். ஆண்டு மதிப்பீட்டில், 'உடன் வேலை செய்பவர்களுக்கு இவர் பேச்சு அச்சம் தருகிறது' என்று எழுதினார் பிரிவின் தலைவர் கர்ட் ஹால்வர்சன். பத்து மாதம் மேசை வேலை. அவள் எழுதிய குறிப்புகளைக் கூட்டங்களில் பிரெண்டன் வாசித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

அந்த மாதங்களில் அவள் வேறு ஒரு குரலைப் பழகிக்கொண்டாள். மெல்லிய, சிரிப்பு தடவிய குரல். காரில் அலுவலகம் போகும் வழியிலேயே அதை ஒத்திகை பார்ப்பாள். ஒருமுறை அப்போது அழைத்த மகள் போனை வைத்துவிட்டுத் திரும்ப அழைத்தாள். "அம்மா, நீதானா? யாரோ கஸ்டமர் கேர் பொம்பளைன்னு நினைச்சு வச்சுட்டேன்." இருவரும் சிரித்தார்கள். வெர்னீஸ் அன்று வெகுநேரம் காரைவிட்டு இறங்கவில்லை.

மறுபடி பாலத்துக்கு அனுப்பி இது மூன்றாவது வாரம். கூண்டிலிருந்தே கர்டுக்குப் போன் போட்டாள்.

"கர்ட், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நாலாவது உத்தரத்துல விரிசல் இருக்கற மாதிரி தெரியுது. பாலத்தை மூடறதுதான் நல்லதோன்னு..."

"காலைல எட்டரை மணிக்கா? போட்டோ அனுப்புங்க. ரெண்டு மணி மீட்டிங்ல பிரெண்டன் பார்த்துச் சொல்லட்டும்."

"சரி," என்றாள். போன் அணைந்தது.

'தெரியுது' என்று ஏன் சொன்னோம்? அளந்தல்லவா வைத்திருக்கிறோம்? போட்டோ எடுக்கக் கையைத் தூக்கினாள். தலைக்கு மேல் ஒரு சிமெண்ட் லாரி ஏறியது. உத்தரம் நடுங்க, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோடு வாய் திறந்தது. லாரி போனதும் மூடிக்கொண்டது. அடுத்து ஒரு பள்ளிப் பேருந்து. மறுபடி திறந்தது.

வெர்னீஸ் வாக்கி-டாக்கியை எடுத்தாள். மேலே, போக்குவரத்தை மாற்றி மாற்றி விடும் பலகையோடு நின்றவள் ரொனெட். பதினோரு வருடச் சிநேகிதி.

"ரொனெட், ரெண்டு பக்கமும் நிறுத்து. ஒரு சைக்கிள்கூட ஏறக்கூடாது."

"ஏய், விளையாடறியா? இங்க ஒருத்தன் ஏற்கெனவே என் பரம்பரையையே திட்டிட்டு இருக்கான்."

"திட்டட்டும். பாலம் உடையுதுடி."

பிறகு வாக்கி-டாக்கியில் ரொனெட்டின் குரல் வேறு மாதிரி வந்தது. "நிறுத்தியாச்சு. அந்தப் பக்கமும் சொல்லிட்டேன்."

தலைக்கு மேல் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. வெர்னீஸ் மறுபடி கர்டை அழைத்தாள்.

"நாலாவது உத்தரம். பதினாலு அங்குலம். வண்டி போறப்ப விரிசல் வாயைத் திறக்குது. பாலத்தை மூடிட்டேன். போலீசுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"யாரைக் கேட்டு மூடினீங்க? வெர்னீஸ், முதல்ல கத்தறதை நிறுத்துங்க."

அவள் கத்தவில்லை. தன் குரலைத் தானே கேட்டுப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து, தட்டினால் கணீரென்று பேசும் நல்ல இரும்பைப் போல வந்துகொண்டிருந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு அதன் கனம் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

"நான் கத்தலை கர்ட். நான் கத்தி நீங்க கேட்டதே இல்லை. இந்த ஆய்வுக்குக் கையெழுத்து என்னோடது. நேர்ல வந்து பாருங்க."

நாற்பது நிமிடத்தில் அவர் வந்தார். வெர்னீஸ் கூண்டோடு மேலே வந்து இறங்கி, தன் தலைக்கவசத்தைக் கழற்றாமல், கதவை அவருக்குத் திறந்து பிடித்தாள். அவர் ஏறினார். கூண்டு விளிம்பைத் தாண்டிப் பாலத்துக்கு அடியில் மறைந்தது.

நின்ற வண்டிகளின் வரிசை மேட்டைத் தாண்டிப் போயிருந்தது. முதல் காரிலிருந்தவன் கண்ணாடியை இறக்கி, "எவ சொல்லி நிறுத்தினீங்க?" என்றான்.

ரொனெட் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்," என்றாள் வெர்னீஸ். "வேற வழியா போங்க."

கர்ட் என்ன எழுதுவார், மேசைக்கே திரும்ப வேண்டியிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரொனெட் தோளோடு தோள் ஒட்டி வந்து நின்றாள். கூண்டு இன்னும் மேலே வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த நீர்ப்பறவைகள், ஒன்று, பிறகு நாலைந்து, வெறிச்சோடிய பாலத்தின் நட்டநடுவில் இறங்கி, மஞ்சள் கோட்டின் மேல் சாவகாசமாக நடக்கத் தொடங்கின.