டிப்போவுக்குப் பின்னால்

குளிர்கால விடுமுறை முடிந்து பஸ்கள் மறுபடி நிரம்பத் தொடங்கிய வாரத்தில், மதிய இடைவேளைக்கு அவள் சாப்பாட்டு அறைப் பக்கம் போகவில்லை. மற்ற டிரைவர்கள் விடுமுறைக் கதைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "உங்க வீட்ல எப்படிப் போச்சு?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சீருடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஏரிக்கு நடந்தாள்.

விடுமுறையில் வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள் இருந்த அன்று, தங்கை மெதுவாகத்தான் கேட்டாள்: "எல்லார் முன்னாலயும் பையனை ஏன்க்கா திட்டுற?" இவள் வாயில் சனி. "ஒண்ணைப் பெத்து வளர்த்துட்டு வந்து சொல்லுடி" என்றுவிட்டாள். கருத்தரித்ததெல்லாம் தங்காமல் போனவளிடம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவள்தான். தங்கை எழுந்து போய் எச்சில் தட்டுகளையெல்லாம் கழுவி அடுக்கினாள். "வரேன்க்கா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. கொட்டியது நெல்லா, குனிந்து அள்ளிக்கொள்ள? சொல்லாயிற்றே.

ஏரி பாதிக்கு மேல் உறைந்திருந்தது. இலையில்லாத மரங்கள், காய்ந்த நாணல், வெளிறிய வெயில். இங்கே யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. குளிர் காதைக் கடித்தது. அதுவும் இதமாகவே இருந்தது. பறந்து வந்த வாத்து ஒன்று, தண்ணீரென்று நினைத்துப் பனிக்கட்டியில் இறங்கியது. கால் இரண்டும் முன்னால் நீள, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே போய் நாணலில் முட்டி நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே உடம்பு கூசியது. இந்த வாய்க்குச் சிரிப்பு வேறு.

இப்படி எதைப் பார்த்தாலும் முதலில் தங்கையிடம் சொல்லித்தான் பழக்கம். யோசித்தால் தைரியம் போய்விடும். கையுறையைக் கழற்றிப் போன் செய்தாள்.

"சொல்லுக்கா."

"இங்க ஒரு வாத்துடி... ஐஸ் மேல இறங்கி, அப்படியே வழுக்கிட்டே போயிடுச்சு."

கழற்றிய கையுறையைக் கசக்கிக்கொண்டே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசினது..."

"அது இப்ப வேணாம்க்கா. என்னால இன்னும் முடியல."

"சரிடி."

தங்கை போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"வாத்து எழுந்திரிச்சிடுச்சா?"

"ம். ஒண்ணும் நடக்காத மாதிரி நடந்து போகுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏரிக்குள் எங்கோ பனிக்கட்டி நீளமாக முனகியது.

"என்னக்கா அது சத்தம்?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஏரியை நோக்கி நீட்டினாள். விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.