ஆஞ்சப்பனின் காது

நைட் ஷிப்ட் வாரத்தில் அந்த வீட்டில் பகலில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய லைன் வீடுகளில் மூன்றாவது. சுடலைமுத்து காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அதுவரை அவன் மனைவி ஜெயமணி பாத்திரம் தேய்க்க மாட்டாள். அம்மியைத் தொட மாட்டாள். அவளும் மகள் சரஸ்வதியும் கைகளால் பேசிக்கொள்வார்கள். மூக்கைத் தொட்டால் பருப்பு. நெற்றியைத் தொட்டால் துணி காய்ந்துவிட்டது, எடு. இரண்டு கைகளையும் அகல விரித்தால் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வருகிறாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முதல் வருடம் தூக்கம் கெட்டு ஒரு நாள் சுடலைமுத்து கத்தினான். அன்று வந்த சட்டம் இது. அப்போது சரஸ்வதிக்கு இரண்டு வயது. இப்போது பதினொன்று.

அது மே மாதம். பள்ளி விடுமுறை. ஒரு புதன்கிழமை பகலில் அவனுக்குத் தாகம் எடுத்து விழிப்பு வந்தது. ஜெயமணி குழாயடிக்குப் போயிருந்தாள். சரஸ்வதி டேப் ரிக்கார்டர் முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்திருந்தாள். கேசட் சுற்றியது. அவள் உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லை.

இவ்வளவு மெதுவாக வைத்துக் கேட்கிறாளே என்று நினைத்தான். தண்ணீர் குடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

டேப் ரிக்கார்டரின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை உண்டு. அதன் மேல் ஹெட்போன் படம் போட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் எதையும் சொருகியதில்லை.

அடுத்த நைட் ஷிப்டுக்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. அதற்குள் நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கிவிட வேண்டும். அவளுக்குத் தெரியக் கூடாது.

சனிக்கிழமை அவள் தலையை நூலால் அளந்தான். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை.

"எதுக்குப்பா?"

"சும்மாதான்ட்டி. தலை வளந்திருக்கான்னு பாக்கேன்."

"தலை வளருமா?"

"உனக்கு வளரும்."

நூலில் முடிச்சுப் போட்டான். அடுப்படியிலிருந்து ஜெயமணி பார்த்தாள்.

"கிரீடம் செய்யப் போறியளோ?"

சரஸ்வதி வெளியே போனதும் டேப் ரிக்கார்டரின் ஓட்டைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு, நகத்தால் ஆழத்தைக் குறித்தான். நூலும் தீக்குச்சியும் சட்டைப் பைக்குள் போயின.

இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு நல்ல காது.

கம்பெனியில் நல்ல காது என்றால் அது ஆஞ்சப்பனுடையது. வார்ப்பிலிருந்து வரும் பிரேக் டிரம்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல டிரம் மணி போல ஒலிக்கும். விரிசல் இருந்தால் மண்சட்டி போலச் சொத்தென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அவர் காது பிடித்துவிடும். தளி ஊரிலிருந்து தினமும் இரண்டு காதிலும் பஞ்சோடுதான் பஸ்ஸில் வருவார். ஹாரன் காதைக் கெடுத்துவிடுமாம். கல்யாணங்களில் ஸ்பீக்கர் கட்டாத மூலையைத் தேடி உட்காருவார்.

சுடலைமுத்து கேண்டீனில் அவரைப் பிடித்தான்.

"ஹெட்போனா? நான் பாட்டே கேக்கறதில்லயே முத்து."

"பாட்டு வேண்டாம் அண்ணாச்சி. நல்லதா கெட்டதான்னு தட்டிப் பாத்துச் சொன்னாப் போதும்."

"அதையெல்லாம் தட்டுவாங்களா?"

"டிரம்ம மட்டும் யாரு தட்டுதா? நீங்கதான தட்டுதீய."

ஆஞ்சப்பன் மோர் குடித்து முடித்தார்.

"பாப்பாவுக்குத்தானே? வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராமப்பனின் ரேடியோ கடைக்குப் போனார்கள். ராமப்பன் பெங்களூரிலிருந்து சரக்கு எடுத்து வருகிறவர். மூன்று ஹெட்போன்களைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

முதலாவதில் ஆரஞ்சு நிறப் பஞ்சு வில்லைகள். சுடலைமுத்து மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினான்.

"இது காது மேல ஒக்காருது. காதை மூடல. பக்கத்துல தூங்குதவனுக்குக் கேக்கும்."

"தூங்கறவன் யாரு?" என்றார் ராமப்பன்.

"நான்தான்."

இரண்டாவது கறுப்பு. காதை முழுக்க மூடும் மெத்தை. சுடலைமுத்து பிளாஸ்டிக் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். பிசிறு இல்லை. வயரை இழுத்துப் பார்த்தான். பிறகு பையிலிருந்து நூலை எடுத்து, பட்டையின் மேல் ஓட்டினான். எவ்வளவு சுருக்கினாலும் முடிச்சைத் தாண்டியது.

"நழுவும். புள்ள குனிஞ்சா மூக்குல நிக்கும்."

"ஏன் அண்ணா, நூலுக்குப் பதிலா பாப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றார் ராமப்பன்.

"அவளுக்குத் தெரியக் கூடாதுல்லா."

மூன்றாவது சாம்பல் நிறம். பட்டையைத் தள்ளினால் க்ளிக் க்ளிக்கென்று நின்று நின்று நீண்டது. இரண்டாவது க்ளிக்கில் நூலின் முடிச்சோடு பொருந்தியது. உள்ளங்கையில் வைத்தால் கனம் இல்லை. மெத்தை அமுங்கி எழுந்தது. பின்னின் பக்கத்தில் தீக்குச்சியை வைத்தான். நகக்குறி வரை சரியாக இருந்தது. ராமப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆஞ்சப்பன் காதிலிருந்து பஞ்சை எடுத்து மடித்து வைத்தார். இரண்டு மூடிகளையும் நகத்தால் தட்டினார். இடது. வலது. மறுபடி இடது.

"ரெண்டும் ஒண்ணா பேசுது. உள்ள எதுவும் ஆடல. இப்ப பாட்டு போடுங்க."

ராமப்பன் கடை டேப்பில் சொருகினார். குமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். மூன்றில் வைத்தார். சுடலைமுத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"போடுங்க."

"போட்டாச்சு."

குமிழ் ஐந்துக்குப் போனது. ஏதோ தூரத்துச் சத்தம். ஏழு.

"கேக்கு. ஆனா பத்தாது. வேற நல்லதா இல்லையா?"

ஒன்பது. சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது.

"ஆங். இப்பதான் பாட்டு!"

பேட்டரி வாங்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மெத்தையைத் தாண்டிப் பாட்டு கடைக்குள் கேட்டது. ஆஞ்சப்பன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். தேள் கொட்டியது போல உதறினார்.

"அய்யோ, பேடப்பா பேட!"

பதற்றத்தில் அவருக்கு 'வேண்டாம்' கூடக் கன்னடத்தில்தான் வரும். காதைத் தேய்த்துக்கொண்டார்.

"இதையா முத்து புள்ள காதுல ஊத்துவ?"

குமிழை மூன்றுக்குக் கொண்டுவந்து மறுபடி மாட்டினார். கண்ணை மூடினார்.

"சுத்தம். தபேலா இந்தப் பக்கம், புல்லாங்குழல் அந்தப் பக்கம். அந்தம்மா பாடறதுக்கு முன்ன மூச்சு இழுக்குது. அதுகூட கேக்குது."

சுடலைமுத்து வாங்கி மாட்டினான். பக்கத்துத் தெருவில் யாரோ முனகுவது போல இருந்தது.

"மூச்சா?"

ராமப்பன் கேட்டார்: "அண்ணா எந்த டிபார்ட்மென்ட்?"

"பிரஸ் ஷாப். நாள் பூரா தகடு அடிக்குத சத்தம்."

"அதான பாத்தேன். பிரஸ் ஷாப்காரங்க வாங்கற ரேடியோ எல்லாம் சத்தம் பத்தலன்னு எங்கிட்ட திரும்பி வருது. ரேடியோ நல்லாத்தான் இருக்குது."

ஆஞ்சப்பன் தன் சாவி வாட்ச்சைக் கழற்றி அவன் இடது காதில் வைத்தார்.

"ஓடுதா?"

"நின்னுருக்கு."

வலது காதில் வைத்தார்.

"நின்னுருக்கு அண்ணாச்சி. சாவி குடுக்கலையா?"

வாட்ச்சை அவன் கண் முன்னால் பிடித்தார். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்று முடியும் வரை சுடலைமுத்து பார்த்தான்.

"கம்பெனில மஞ்ச ஸ்பாஞ்சு குடுக்கறாங்களே, காதுல வெச்சுக்க. என்னா பண்ற?"

"வீட்ல ஸ்டவ்வுக்கு ஒரு கால் கட்டை. அதுக்கடியில இருக்கு."

முதலில் ராமப்பன் சிரித்தார். அப்புறம் ஆஞ்சப்பன். கடைசியில் சுடலைமுத்துவும் சிரித்தான். சிரிப்பு நின்றதும் அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. அவள் உண்மையில் எத்தனையில் வைத்திருந்தாள்?

"அப்ப ஹெட்போன் என்னாத்துக்கு?" என்றார் ஆஞ்சப்பன். "சத்தமாவே வெச்சுக் கேக்கச் சொல்லு. நீ எழுந்திருக்க மாட்ட."

"அத நான் எப்படி அவகிட்டச் சொல்ல?"

ஆஞ்சப்பன் பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். சுடலைமுத்து சாம்பல் நிற ஹெட்போனை ராமப்பன் பக்கம் தள்ளினான்.

"கட்டுங்க. சின்னத் தலைக்குச் சரியா இருக்கு."

"மூணுக்கு மேல போகக் கூடாது," என்றார் ஆஞ்சப்பன். "உன் காத நம்பி வெக்காத."

வீட்டில் சரஸ்வதி பெட்டியைத் திறந்தாள். பார்த்தாள். அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"கெம்பம்மாவா வந்திருக்கா?" என்றாள் ஜெயமணி.

"இல்லம்மா. இவ்ளோ பெருசு!"

மாட்டிக்கொண்டாள். இரண்டு க்ளிக். பொருந்தியது. சுடலைமுத்து பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்துக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமிழை அவளே இரண்டில் வைத்தாள். கண்கள் பெரிதாயின.

"எப்பா! பாடுறவங்க மூச்சு விடுறது கேக்குது!"

"அதான். அதுக்குத்தான் இத எடுத்தேன்."

"நீயும் கேளு."

அவன் தலையில் மாட்டினாள். டேப் ரிக்கார்டரின் மேல் குனிந்தாள். சுடலைமுத்து கண்ணை மூடினான். எதுவும் கேட்கவில்லை. இரண்டில் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். தலையை மெல்ல ஆட்டினான். தொடையில் தாளம் போட்டான்.

"அருமையான பாட்டு. குரல் தேனு."

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். ஜெயமணியும் சரஸ்வதியும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதியின் உதடுகள் அசைந்தன. ஒரு பக்க மூடியை விலக்கினான்.

"என்னட்டி?"

"பாட்டே போடலப்பா. கேசட்டைத் திருப்பிட்டிருந்தேன்."

ஜெயமணி சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சுடலைமுத்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். சொன்னான். ஒன்பது. வாட்ச். நொடிமுள்.

ஜெயமணி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ ஒம்பது வருசமா நான் எதுக்கு மூக்கைத் தொட்டுப் பருப்பு வச்சேன்?"

"முதல்ல கேட்டுச்சு. அப்புறம் எப்போ நின்னுச்சுன்னு எனக்கே தெரியல."

"குக்கர் வாங்காமலே இருந்தனே! விசில் அடிக்கும்னு!"

இந்த முறை அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவனாலும்.

சரஸ்வதி சிரிக்கவில்லை. எழுந்து போய் ஸ்டவ்வின் அடியிலிருந்து எதையோ உருவினாள். ஸ்டவ் சாய்ந்தது. பருப்புச் சட்டி நழுவியது. ஜெயமணி பாய்ந்து பிடித்தாள்.

சரஸ்வதியின் உள்ளங்கையில் நசுங்கிக் கறுத்த இரண்டு மஞ்சள் ஸ்பாஞ்சுகள்.

"இதுதானா?"

"அது வீணாப் போச்சு. கேட்டா புதுசு குடுப்பாவ."

"வாங்குவியா?"

"வாங்குதேன்."

"போட்டுக்குவியா?"

"பிரஸ் ஷாப்ல எவனும் போடுததில்லட்டி. சிரிப்பானுவ."

"சிரிச்சா உனக்குக் கேக்கவா போவுது?"

சுடலைமுத்து அவள் கையிலிருந்த ஸ்பாஞ்சுகளை வாங்கிக்கொண்டான்.

மறுநாளே புதிய ஸ்பாஞ்சுகளைக் கேட்டு வாங்கினான். உருட்டி, காதில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தான். அவை மெதுவாக விரிந்து காதை அடைத்தன. பிரஸ் இறங்கியது. யாரோ தூரத்தில் தலையணையை அடிப்பது போல இருந்தது. எதிர் மெஷின்காரன் அவன் காதைக் காட்டி ஏதோ சொன்னான். நான்கு பேர் வாயைத் திறந்து சிரித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சிரித்து வைத்தான். அந்தப் பக்கமாக வந்த ஆஞ்சப்பன் நின்று பார்த்தார். சுத்தியலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

தினமும் ஸ்பாஞ்சோடு வேலை பார்த்து இரண்டு வாரம் ஆனபின் நைட் ஷிப்ட் வாரம் வந்தது. வீட்டில் சட்டம் ரத்தாகிவிட்டது. ஜெயமணி பத்து மணிக்கே பாத்திரம் தேய்த்தாள். கெம்பம்மா வாசலில் நின்று ஊர்க்கதை பேசினாள். சரஸ்வதி மட்டும் ஹெட்போனைக் கழற்றவில்லை. சத்தமாகவே கேட்கலாமே என்று ஜெயமணி சொன்னபோது, மூச்சு கேட்காது என்றாள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு இருக்கும். பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் மூடி ஜெயமணியின் கையை நழுவியது. தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, நிற்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்தான்.

"யாருட்டி அது? மனுசன் தூங்க வேண்டாமா?"

ஜெயமணி அசையாமல் நின்றாள். பிறகு அவள் முகம் முழுக்கச் சிரிப்பானது. சரஸ்வதிக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பதும் அம்மா சிரிப்பதும்தான் தெரிந்தன. ஜெயமணி மகளைப் பார்த்துத் தன் காதைத் தொட்டாள். மூடியைக் காட்டினாள். அவனைக் காட்டினாள்.

சரஸ்வதி ஹெட்போனைக் கழற்றினாள்.

"நெசமாவா?"

"எதுக்குச் சிரிக்கிய ரெண்டு பேரும்?" என்றான் சுடலைமுத்து.

சரஸ்வதி எழுந்து வந்து மூடியை எடுத்தாள். தலைக்கு மேல் தூக்கி, அதே இடத்தில் மறுபடி போட்டாள்.