நாலு பேர் பார்த்த வீடியோ

என் பெயர் அரங்கநாதன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிறகு சட்டம் படித்தவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில், 'காப்புரிமை வழக்கறிஞர்' என்று போர்டு மாட்டி ஆறு வருஷமாகிறது. படியேறி வருகிறவர்கள் பட்டா மாற்றித் தரச் சொல்வார்கள், இல்லையென்றால் ஜாமீன் கேட்பார்கள். அதெல்லாம் நான் செய்வதில்லை என்றால், "அப்ப இன்னாத்துக்கு சார் போர்டு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். நியாயமான கேள்விதான். சில நாள் டீக்கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டேன்.

சொல்லிக்கொள்ள எனக்கு ஒரே கட்சிக்காரர், மலைமேல் இருக்கிற கரியாலூர் செல்லமுத்து. மரவள்ளிக் கிழங்கை ஒடியாமல் பிடுங்க, காலால் மிதிக்கிற கருவி ஒன்றைச் செய்திருந்தார். அசந்துபோனேன். "விண்ணப்பம் போடற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. வெளிய தெரிஞ்சா உரிமை கிடைக்காது" என்று மிரட்டி வைத்தேன். மனுஷர் அதை எப்படிப் பிடித்துக்கொண்டார் தெரியுமா? ஆயுத பூஜைக்குக்கூடக் கருவியை மூடியிருந்த படுதாவை விலக்காமல், படுதாவின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்!

வாரம் தவறாமல் அவரே போன் செய்வார். "சாப்டீங்களா சார்?" என்றுதான் ஆரம்பிப்பார். என்னை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

விண்ணப்பத்தோடு வைக்கும் படங்களை வரைவதற்காகக் கருவியை வீடியோ எடுத்து வைத்திருந்தேன். விண்ணப்பம் போட இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மழை, போன் அடிக்கவேயில்லை. நானும் உருப்படியாக ஒரு வேலை செய்கிறேன் என்று யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் என் குரலில் விளக்கி, யூடியூபில் போட்டுவிட்டேன். புத்தி எங்கே போனதோ! நாலு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் நான்.

ஒரு வருஷம் கழித்து, காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபணைக் கடிதம் வந்தது. விண்ணப்பத்துக்கு முன்பே கருவி வெளியாகிவிட்டது, ஆதாரம் இந்த வீடியோ. எந்த நிமிஷத்தில் எந்தப் பாகம் என்றுகூடக் குறித்திருந்தார் அதிகாரி. நான் பேசியதை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

தப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு. செல்லமுத்துவின் சம்மதமில்லாமல் வெளியானது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு, போட்டவன் நான்தான் என்று நானே பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். சாட்சியானவன் வக்கீலாக இருக்க முடியாது, அவர் வேறு ஆளிடம் போயாக வேண்டும். 'அதிகாரி மறுத்துட்டாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவார். பொய் சொல்வானேன், மூன்று நாள் அதையும் யோசித்தேன்.

நாலாம் நாள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, மலைக்கு பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி நிர்மலா கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போனது.

"சாமி கும்புடறப்பகூட மூடி வெச்சேனே சார்" என்றார் செல்லமுத்து. பிறகு, "எத்தினி பேர் பாத்தாங்க?"

"நாலு பேர்."

என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பேச ஆளில்லன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார். நான் கேட்டுக்கினு இருந்திருப்பேன்ல?"

பத்திரத்தையும் சென்னை வக்கீல் ஒருவரின் நம்பரையும் அவரிடம் கொடுத்தேன். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் போன் செய்வதில்லை. நான் செய்யலாம். கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டால் போதும். இன்னும் கேட்கவில்லை.