வயலுக்குப் போட்ட மேக்கப்

அலங்காநல்லூர்ப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட அரை ஏக்கர் வயல்தான் என் சேக்காளி சிவபாண்டிக்கு இருக்கிற ஒரே பெருமை. பெண் கொடுப்பதற்கு முன்னால் அதையும் வீட்டையும் பார்த்துவிட எழுமலையிலிருந்து பவதாரிணி வீட்டார் வருவதாக இருந்தார்கள். பயிரோ வெளிறிப்போய் நின்றது.

"முதல்ல களையெடு, பெறகு யூரியா போடு" என்றேன்.

"தீபாவளி நேரத்துல ஆளு எங்கடா கிடைக்குது சுருளி? இப்பப் போட்டாத்தான் அவுக வரும்போது பச்சைப்பசேல்னு நிக்கும்" என்று அள்ளி வீசினான். மாப்பிள்ளைக்கு மேக்கப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வயலுக்குப் போட்டவன் இவன் ஒருவன்தான்.

உரத்தை நெல்லுக்கு முந்திக் களை தின்றது. அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை வயல் கண்ணைப் பறித்தது. அதில் பாதி, நெல்லைப் போலவே இருக்கும் களைப்புல். "தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இந்த மாதிரி வருகையில் பெண் வருவது வழக்கமில்லை. பவதாரிணி வேனின் முன்சீட்டிலேயே உட்கார்ந்து வந்து இறங்கினாள்.

"பயிரு என்னமா நிக்குது!" என்று அவள் அப்பா மொக்கையன் மெச்சினார். எனக்குச் சிரிப்பு முட்ட, இருமிச் சமாளித்தேன். அவள் அம்மா சோணையம்மாள் மட்டும் குனிந்து பயிரை உற்றுப் பார்த்தாள். ஊர் ஊராகக் களையெடுக்க ஆள் கூட்டிப் போகிறவள். விரல்கள் தாமாகவே பரபரத்தன.

"வெயிலா இருக்கு அத்தை, வீட்டுக்குப் போயிருவோம்" என்று சிவபாண்டி கெஞ்சினான்.

பவதாரிணி செருப்பைக் கழற்றினாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினாள்.

"ஏங்க, இம்புட்டுப் புல்லுக்கும் நீங்கதான் யூரியா போட்டு வளத்தீங்களா?"

அவன் முகம் செத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. "நீங்க பாக்கும்போது பச்சையா இருக்கணும்னு..." என்று உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அவள் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. சோணையம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "எம்புட்டு நேரம்டி பாத்துக்கிட்டே நிக்கிறது!" என்று அவளும் இறங்கினாள். வேனில் வந்த பெண்களும் பட்டும் மல்லிகையுமாகப் பின்னாலேயே இறங்கினார்கள். குலவை கிளம்பியது. மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டினார். டிரைவரும் இறங்கினார். சாப்பிடக் கூப்பிட வந்த சிவபாண்டியின் அம்மா, சேற்றில் நிற்கும் விருந்தாளிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பிறகு அவரும் இறங்கிவிட்டார். எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

பொழுது சாய்வதற்குள் வரப்பெல்லாம் களைக் குவியல். நெல் வெளிச்சம் கண்டு நின்றது. மொக்கையன் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே, "பொண்ணு தாரோம் மாப்ள" என்றார். சிவபாண்டி அவர் காலில் விழப் போனான்.

"இருங்க" என்றாள் பவதாரிணி, முகமெல்லாம் சேறாக. "யூரியா மூட்டை மட்டும் எங்கிட்ட இருக்கும்."