மாரியாயிக்கு வந்த வயல்

திட்டத்தின் பெயரைக் கேட்டாலே ஜெஸ்லினுக்குக் கொட்டாவி வந்தது. மரபறிவும் நவீன அறிவும் கைகோர்க்கும் நீர் மேலாண்மை. ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி, சமயபுரத்தில் பஸ் மாறி, ஏரிக்கரையில் போய் இறங்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். கைகோர்க்க வேண்டிய இரண்டு அறிவுகளையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துவது அவள் வேலை.

நவீன அறிவு பேசாமல் லாரியில் வந்து இறங்கிவிட்டது. ஏரி மடைக்கு மோட்டார் கதவு, தண்ணீர் மட்டம் காட்டும் கருவி. எல்லாவற்றையும் போனிலேயே இயக்கலாம். மரபறிவுக்கு மாரியாயி. ஊரில் மடை திறப்பவள் அவள்தான். தண்ணீர் குறைந்த வருடத்தில் கடைசி வயலிலிருந்து தொடங்கி யாருக்கு எப்போது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். கெஞ்சினாலும் மிரட்டினாலும் முறை மாறாது.

பாசன சங்கத்தின் விதிதான் குறுக்கே நின்றது. ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவரே உறுப்பினர். உறுப்பினர்தான் கதவை இயக்கலாம். மாரியாயிக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. அவளை விட்டுவிட ஜெஸ்லினுக்கு மனசு வரவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, சங்கத் தலைவர் ரத்தினவேலையும் கரைத்து, அவருடைய மூலை வயலை மாரியாயி பெயருக்கு எழுத வைத்தாள். கோரையைத் தவிர எதுவும் விளையாத வயல் என்பதால் அவருக்கும் தாராள மனசு வந்திருக்கலாம். பத்திரத்தை வாங்கியபோது மாரியாயி அழுதாள். ஜெஸ்லினுக்கும் கண் கலங்கிவிட்டது. அலைந்ததற்கு இது போதும் என்று நினைத்தாள்.

கதவைத் தொடங்கிவைக்க ஊர் கூடியது. ஜெஸ்லின் போனை மாரியாயியிடம் நீட்டினாள். யாரும் கை தட்டவில்லை.

"அது சரியா வராதும்மா" என்றார் ரத்தினவேல். "மாரியாயிக்குத்தான் இப்ப நிலம் இருக்கே."

"அதுக்காகத்தானே சார் நிலமே வாங்கினோம்?"

"நிலம் இருக்கறவங்க இந்த ஊர்ல மடையத் தொட்டதில்லம்மா. தன் பயிரு காஞ்சா யார் கை சும்மா இருக்கும்? நீங்க கேட்டப்ப, சும்மா பேருக்குத்தானேன்னு எழுதிக் குடுத்தேன். அது கோரையப் புடுங்கி நாத்தே நட்டுருச்சு."

ஜெஸ்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. நிலமில்லாதவள் என்பதால்தான் இத்தனை காலம் ஊர் மாரியாயியை நம்பியிருக்கிறது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று தானே அந்த நம்பிக்கையின் அடியில் கை வைத்துவிட்டாளே.

"அவர் சொல்றது நெசந்தாம்மா" என்றாள் மாரியாயி. "ஆனா நிலத்தத் திருப்பிக் குடுக்கமாட்டேன். எங்க வம்சத்துல இப்பத்தான் ஒரு வயல் வந்திருக்கு. மடைய வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரத்தினவேல் ஜெஸ்லினைப் பார்த்தார். "உங்களுக்கு இங்க நிலம் கிடையாதில்லீங்களா? விதிய நான் பாத்துக்கறேன். சங்கம் கூடி ஒரு முடிவு எடுக்கற வரைக்கும் நீங்களே வச்சுக்கங்க."

அந்த முடிவு எடுக்கப்படவேயில்லை. மாரியாயி சொல்லிக்கொடுத்த முறைப்படி ஜெஸ்லின் போனில் கதவைத் திறந்தாள், மூடினாள். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிக்கும் கீழே இறங்கிய ஒரு நாள், வேலை முடிந்து கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது மாரியாயி போன் செய்தாள்.

"பயிரு சுருளுதும்மா. இன்னைக்கு மட்டும் அரை மணி நேரம் தொறந்து விட்டுருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெஸ்லினுக்கு உடம்பெல்லாம் அசதி. ஒரு விரலால் தொட்டால் போதும், கதவு திறந்துவிடும். தொட்டுவிடத்தான் மனசு துடித்தது.

"உங்க முறை இன்னும் வரலக்கா" என்றாள். "கடைசி வயல்ல இன்னும் தண்ணி ஏறல."



"ஆமாம்மா. நானும் எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொன்னேன். கேக்கறவங்களுக்கு வயிறு எப்படி எரியும்னு தெரியாமப் போச்சு."

ஜெஸ்லின் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தொறக்காதீங்கம்மா. நான் மறுபடி கேட்டாலும் தொறக்காதீங்க." பிறகு மாரியாயியே சொன்னாள்: "கேப்பேன்."