இன்னைக்கும் வரல

ஆறு மாதமாக, வீட்டுக்கு வந்ததும் மகள் பாடுவது ஒரே பாட்டுதான்: "இன்னைக்கும் சோதனை சரியா வரலம்மா."

அம்மாவுக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் தேய்ந்தவள் அவள். கறை போகாத விரிப்போடு மூன்று தடவை போய் நின்றால், நாலாவது நாள் வேலைக்கு வராதே என்பார் சூப்பர்வைசர். இங்கே என்னடாவென்றால், ஒன்றுமே வராத பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, மாதா மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். சும்மா ஆடுமா குடுமி?

அவர்கள் சனத்தில் ஒருத்தர்கூட அந்த ஆராய்ச்சிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. இப்போது அவர்களுக்கென்றே ஒரு திட்டமாம், மகளின் படத்தை நோட்டீஸ் போர்டில் வேறு ஒட்டியிருக்கிறார்களாம். காட்சிக்கு வைத்த பொம்மை! காரியம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சலவைக்கூடத்தில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை மகளை அங்கே சேர்ப்பதென்று முடிவு கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய் நின்றாள்.

"என் பொண்ணை எதுக்கு வச்சிருக்கீங்க? போட்டோ புடிக்கவா?" என்று பேராசிரியையின் முகத்துக்கு நேரே கேட்டாள்.

பேராசிரியை கோபிக்கவில்லை. "நீங்க கேக்கறது நியாயம்தாங்க. அந்த போர்டு எனக்கே பிடிக்கல. ஆனா சோதனை போன மாசமே வந்துடுச்சே! அதை வச்சுத்தான் அவளுக்கு வெளிநாட்டுல ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கெடச்சுது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பணும். அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு தினமும் சொல்றா. கேக்கலையா?"

அம்மா திரும்பினாள். மூலையில் மகள் சோதனைக்குழாய்களை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"ம்."

"அப்புறம் ஏன்டி தினமும் வரலன்னு புளுகின?"

"வந்துடுச்சுன்னா போகணும்மா. அஞ்சு வருஷம். உனக்கு மூச்சு இழுத்தா முதுகு தேச்சுவிட யார் இருக்கா?"

அம்மாவுக்குக் கோபம் பொங்கியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியது பெற்ற மகளை மட்டும்தான். அழுகையும் வந்தது. அதைக் காட்டினால் இவள் போகவே மாட்டாள் என்று விழுங்கிக்கொண்டாள்.

"என்ன வந்துச்சு, காட்டு."

மகள் ஒரு படத்தை நீட்டினாள். கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

மணி நாலே முக்கால். அம்மா ஒரு நாற்காலியை இழுத்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"என் கண்ணு முன்னாடியே அனுப்பு. இனிமே உன் பேச்சை நம்பறதா இல்ல."