ஏழு பத்துக்குக் கடந்து போகிறவர்

அவரை எல்லாரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து குடோனுக்கு இரண்டு மைல் கைவண்டி இழுக்கிறவர் வேறு எப்படிப் போவார்? பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தாலும் அவர் நடை மாறாது. முப்பது வருஷம் இழுத்ததில் வலது தோள் இடதைவிட இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. சட்டைக்கு அளவெடுக்கிறவர்கள் "நேரா நில்லுங்க" என்பார்கள். "எனக்கு இதுதாங்க நேர்" என்பார்.

வழியில் ஒரு நாற்சந்தி. அங்கே ஒரு வேகத்தடை, அதை ஒட்டி ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் போலீஸ் வைத்த கேமரா. போகிற வண்டிகளின் நம்பரையெல்லாம் படித்துப் படித்து ஸ்டேஷனுக்குச் சொல்லுமாம். நத்தை அதை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. கைவண்டிக்கு ஏது நம்பர்? தவிரவும், இரும்பு ஏற்றிய வண்டியை இழுக்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நாலடி ரோடுதான்.

அந்த வேகத்தடையில்தான் அவருக்கு ஒரு பெண் பழக்கமானாள். காலையில் ஏழு மணிக்கே அங்கே வந்து நிற்பாள். முப்பத்தைந்து வயசிருக்கும். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். பைக்கில் போகிறவர்கள் ஒவ்வொருவரின் ஹெல்மெட்டுக்குள்ளும் கண்ணை நுழைத்துப் பார்ப்பாள். சிலர் முறைப்பார்கள், சிலர் இளிப்பார்கள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் வண்டி தடையில் ஏறாமல் நின்றுவிட்டது. அவள் கேட்காமலே பின்னால் போய்த் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

"அண்ணே, ஒரு நாளைக்காவது கொஞ்சம் வெரசா வரக் கூடாதா?"

"வெரசா வந்தா நத்தைன்னு எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

தள்ளி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக அவள் போன் ஒலிக்கும். உடனே கையை உதறிவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடுவாள். பைக்குகளை மாறி மாறிப் பார்ப்பாள். அப்புறம் தோள் தொங்கிப்போகும். இது இப்படியே இரண்டு மூன்று வாரம் நடந்தது. யாரைத் தேடுகிறாய் என்று நத்தை கேட்கவில்லை. பாரம் இழுக்கிறவர்கள் அடுத்தவர் பாரத்தை விசாரிக்க மாட்டார்கள்.

அவளேதான் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர்ண்ணே. லிப்ட் ரிப்பேர் பண்றவர். மழை நாள்ல ஒரு சாயங்காலம் யாரோ லிப்டுல மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்துச்சு. பைக்கை எடுத்துக்கிட்டுப் போனாரு. எட்டு மாசம் ஆச்சு."

"போலீசுல சொன்னீங்களா?"

"சொல்லாம? மொதல்ல நல்லாத்தான் தேடுனாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஏட்டையா கூப்பிட்டாரு. 'உம் புருஷன் செத்தும் போகல, காணாமலும் போகல. தெனம் இந்தச் சந்தியைத் தாண்டிப் போறான். கேமரா சொல்லுது. உன் கூட இருக்கப் பிடிக்கலன்னு போனவனை நாங்க எங்கேன்னு தேடுறது'ன்னு பைலை மூடிட்டாரு. பாவம், நல்ல மனுஷன். எனக்கும் தெரியட்டும்னு, அவரு நம்பரைப் பாத்தா கேமரா அனுப்புற மெசேஜ் என் போனுக்கும் வர்ற மாதிரி பண்ணிக் குடுத்தாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பில் ஈரமே இல்லை.

"வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித் தெனம் போகத் தெரியுது, உள்ள வரத் தெரியல. கையில மாட்டட்டும், கழுத்து அளவெடுக்கிறேன். கெட்டிக்காரர்ண்ணே, எந்த பைக்குல எப்படிப் போறாருன்னே தெரியல. ஏழு பத்து, ஏழு பன்னெண்டுன்னு ஆபீசர் மாதிரி நேரத்துக்குப் போறாரு. ஞாயித்துக்கிழமை லீவு வேற! போன வாரம் செவ்வாயும் புதனும்கூட வரல. மழையில நனைஞ்சு காய்ச்சல்ல கெடந்தாரோ என்னவோ."

போன வாரம் செவ்வாயும் புதனும் நத்தைதான் காய்ச்சலில் கிடந்தார்.

"நம்பர் என்னம்மா?" என்றார்.

போனைக் காட்டினாள். கடைசி நாலு எண், ஆறு ஒன்று ஏழு மூன்று. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை. அந்த ஏழின் காலை ஒட்டித்தான் ஆணி அடித்திருந்தார்.

இரண்டு மாசத்துக்கு மேலிருக்கும், மழை விட்ட பிறகு கால்வாய் மதகில் தூர் வாரினார்கள். அப்போது சேற்றோடு ஒரு பைக் வந்தது. மண்வாரி இயந்திரக்காரன் அதை இரும்புக் கடையில் தள்ளிவிட்டுப் போனான். "இப்பவே பிரிச்சிடு. யாராவது கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்றார் முதலாளி. நத்தை பிரித்தார். பின் நம்பர் பலகை மட்டும் வளையாமல் நல்ல தகடாக இருந்தது. அவர் வண்டியின் பின்பலகையில் ஓட்டை விழுந்து, போல்ட்டும் நட்டும் வழியெல்லாம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஓட்டையின் மேல் தகட்டை வைத்து அடித்தார். முதலாளி கண்ணில் பட்டால் கேள்வி வருமே என்று மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட்டை மேலே ஒரு தடவை தடவினார். வேலை முடிந்தது. தகடு தகடுதான், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

ஒன்றே ஒன்றுதான் அப்போதே மனசை உறுத்தியது. பைக்கில் சாவி இருந்தது. ஓட்டுகிற நிலைக்குத் திருப்பியபடியே இருந்தது. வேண்டாத வண்டியைத் தண்ணீரில் தள்ளுகிறவன் சாவியைத் திருப்பி வைத்துவிட்டுத் தள்ள மாட்டான். உறுத்தலை நத்தை விழுங்கிவிட்டார். கூலிக்காரனுக்கு விழுங்குவது புதிதா என்ன?

டீக்கடையில் கேமராவுக்கு ஒயர் மாட்டுகிறவன் ஒருவன் வருவான். பேச்சோடு பேச்சாக அவனிடம் கேட்டுப் பார்த்தார். "பெயின்ட் அடிச்ச நம்பரை அது படிக்குமா தம்பி?"

"சில பெயின்ட் நம்ம கண்ணுக்குத்தான் மறைக்கும். கேமரா அடிக்கிற வெளிச்சம் வேற, நம்ம கண்ணுக்குத் தெரியாதது. அடியில இருக்கிற எழுத்தை அப்படியே பளிச்சுன்னு எடுத்துக் குடுத்துடும்" என்றான் அவன். "ஏன், திருட்டு வண்டி ஏதாவது கைல இருக்கா?" கடையே சிரித்தது. நத்தையும் சேர்ந்து சிரித்தார்.

அதற்கப்புறம் வண்டி பாரமானது. இரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போதும் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற பாரம். முப்பது வருஷத்துத் தோளுக்கு எடை தெரியாதா? அறுபது, அறுபத்தைந்து கிலோ. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற ஆள். நத்தை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பலகைதான் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் போலீஸ் முதலில் யார் சட்டையைப் பிடிக்கும்? காணாமல் போனவன் வண்டியின் நம்பர் யார் வண்டியில் இருக்கிறது? முதலாளி நத்தையை யார் என்றே தெரியாது என்பார். சொல்லாவிட்டாலோ, செத்தவன் தினம் ஏழு பத்துக்கு உயிரோடு போவான். அவனைத் தேட யாருக்கும் தோன்றாது. மூன்று நாள் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்த மூன்று நாளும் அவள் வந்து தள்ளினாள். அவள் கை தகட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நாலாம் நாள் விடிவதற்குள் ஆணியை நெம்பித் தகட்டை எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்தார். வருகிறவன் வராமல் போனால் நின்றது போதும் என்று அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அவருக்குத் தோன்றிய நல்ல யோசனை அவ்வளவுதான்.

அன்றைக்குப் போன் ஒலிக்கவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டாம் நாள் அவள் தள்ள வரவில்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை.

"ரெண்டு நாளா வரலண்ணே."

"வேற வழியில போயிருப்பாரும்மா."

"இல்ல. அவருக்கு என்னவோ ஆயிடுச்சு." அவள் குரல் தரையோடு தரையாக இருந்தது. "எட்டு மாசமா எனக்கு இப்படிப் பயம் வரல. நேத்து ஆஸ்பத்திரி பிணவறை வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தேன். மூணு பேரைக் காட்டுனாங்க. மூணு பேரோட மூஞ்சியும் பாத்தேன். நான் திட்டிக்கிட்டே நின்னேன்ல, அதான் போயிட்டாரு."

நத்தை வண்டியைத் தானே ஏற்றினார். எப்படி ஏற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. சாயங்காலம் சுத்தியலை எடுத்துத் தகட்டைப் பழைய இடத்திலேயே வைத்து அடித்தார். அவன் போய்க்கொண்டே இருக்கட்டும். அவள் திட்டிக்கொண்டே நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் இழுக்கிறேன், காய்ச்சல் வந்தாலும் இழுக்கிறேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுப்பதுபோல் முணுமுணுத்தார்.

மறுநாள் காலை சந்தியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். நாலு பக்கமும் தடுப்பு. பைக்கு, காரு எல்லாவற்றையும் வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கைவண்டியைப் பார்த்து, "நீ போய்யா, நீ போறதுக்குள்ள பள்ளத்தையே மூடிடுவாங்க" என்று ஓரத்தில் வழி விட்டார்.

ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. அவள் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நத்தை தடையில் ஏற்றி, கம்பத்தைத் தாண்டினார்.

போன் ஒலித்தது.

அவள் துள்ளி எழுந்தாள். முகம் ஒரு நொடி பூத்தது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஆள் இல்லை, பைக் இல்லை. போனைப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வண்டியைப் பார்த்தாள்.

தடையைத் தாண்டினால் இறக்கம். நத்தை விட்டிருந்தால் வண்டி தானாகவே உருண்டு போயிருக்கும். அவர் கைப்பிடிக் குறுக்குக்கட்டையைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்.

அவள் பின்னால் போனாள். கத்தரியால் பெயின்ட்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

"எங்க கெடைச்சுது?"

"கால்வாய் மதகுல. தூர் வாரும்போது."

"வண்டி மட்டுமா?"

"வண்டி மட்டுந்தான் பாத்தேன்." அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "சாவி அதுலயே இருந்துச்சும்மா. திருப்புன மாதிரியே."

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "இது அவரு நம்பருன்னு எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறு நாளா."

"ஆறு நாளாத் தெரிஞ்சும் என்னைத் தள்ள விட்டீங்க."

நத்தை குனிந்து சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"பேசாம இறக்கத்துல இறங்கிப் போயிருந்தா நாளைக்கும் வந்திருப்பாரு" என்றாள். அவள் திட்டுகிறாளா கெஞ்சுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு முதலில் நம்பவில்லை. "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்தாறு தடவை. படங்களைப் பெரிதாக்கச் சொல்லி அவள் கேட்டாள். ஒவ்வொன்றிலும் கேமரா அடித்த வெளிச்சத்தில் நம்பர் மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது, சுற்றிலும் இருட்டு. ஓரத்தைத் துருவிப் பார்த்தபோது பலகை விளிம்பு தெரிந்தது. இன்னொன்றில் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் தெரிந்தன.

ஏட்டு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நம்பரைத்தான் பாத்தோம். படத்தை ஒருத்தனும் பாக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நத்தையின் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "காணாமப் போன அன்னைக்கு நீ எங்கய்யா இருந்த?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடிங்களா? வண்டி இழுத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"யார் பாத்தா?"

நத்தை யோசித்தார். முப்பது வருஷத்தில் அவரை யார் பார்த்தார்கள்?

வண்டியை ஸ்டேஷன் முற்றத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவளும் ஏறிக்கொண்டாள்.

மதகுக்குப் பக்கத்தில் அன்றைக்கு வாரிக் கொட்டிய சேறு மேடாக இறுகி, மேலே புல் முளைத்திருந்தது. நத்தை கையை நீட்டிக் காட்டினார். மண்வாரி இயந்திரம் வந்தது. மேட்டை அள்ளி அள்ளிப் பக்கத்தில் பரப்பினார்கள். இரண்டு பேர் மண்வெட்டியோடு குனிந்து கிளறினார்கள். வெயில் ஏறியது. அவளுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கினாள், குடிக்கவில்லை.

உச்சிப்பொழுதில் ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். இயந்திரக்காரன் எஞ்சினை அணைத்தான். சத்தம் அடங்கிய பிறகுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. ஏட்டு மெல்ல நடந்து போய்க் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அம்மா" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தாள். மேலே ரோட்டில் தூரத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அது கிட்டே வந்து, கடந்து, வளைவில் மறைகிற வரைக்கும் அவள் கண் அந்த ஹெல்மெட்டை விட்டு நகரவில்லை.